வீட்டுத் தோட்டத்துப் பூசணிக் கொடியில் பூச்சி: குழி எடுப்பதிலிருந்து கொடி பிடுங்குவது வரை

"பிஞ்சு வைக்கிறது, நாலே நாளில் மஞ்சளாகி விழுகிறது. என்ன மருந்து அடிக்கலாம்?" பூசணி, சுரை, பீர்க்கு, புடலை, பாகல் போட்டவர்கள் என்னிடம் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். கேட்பவர் அதற்குள் இரண்டு முறை வேப்பெண்ணெய் அடித்திருப்பார். அடித்தும் பிஞ்சு விழுந்துகொண்டேதான் இருக்கும். புழு பிஞ்சுக்குள் இருக்கிறது, மருந்து தோலுக்கு வெளியே நிற்கிறது. அல்லது அது பூச்சி வேலையே இல்லை, மகரந்தம் சேராமல் விழுந்த பிஞ்சு.

இந்தக் கொடிகளுக்கு ஒவ்வொரு வயதில் ஒவ்வொரு பூச்சி வரும். முளையில் வருவது ஒன்று, கொடி ஓடும்போது வருவது வேறு, பிஞ்சில் வருவது இன்னொன்று. ஒவ்வொன்றும் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அதை அந்த நேரத்தில் செய்துவிட்டால் தெளிப்பானைக் கையில் எடுக்கும் தேவையே பாதியாகக் குறைந்துவிடும். அதனால் கொடியின் வயதை வைத்தே இந்த வழிகாட்டியை வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

பெயரில் ஒரு குழப்பம் இருப்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே பூசணி என்று எழுதுவது சாம்பாரில் போடும் மஞ்சள் பூசணியை, அதாவது பரங்கிக்காயை. சாம்பல் பூசிய வெண்பூசணிக்கும், தொட்டியில் வைக்கும் சுக்கினிக்கும், சுரை வகைகளுக்கும் இதே முறைதான். எங்கே மாறுகிறதோ அங்கே சொல்கிறேன்.

1. விதை ஊன்றும் முன்பே வீட்டில் இருக்க வேண்டியவை

பூச்சி வந்த பிறகு கடைக்குப் போனால் இரண்டு மூன்று நாள் போய்விடும். முளைப் பருவத்தில் அந்த இரண்டு நாளில் செடியே இருக்காது. அதனால் இவற்றை முன்கூட்டியே எடுத்து வையுங்கள்:

- பழைய கொசுவலை, குழிக்கு ஒரு துண்டு. வளைத்து ஊன்ற நாலு மூங்கில் குச்சி
- நல்ல வேப்பெண்ணெய் 100 மி.லி., காதி சோப் ஒரு கட்டி
- ஒரு லிட்டர் கைத்தெளிப்பான், முனையை மேல்நோக்கித் திருப்பக்கூடியதாக
- பழைய பருத்தித் துணியில் தைத்த பைகள், பத்துப் பதினைந்து
- மஞ்சள் அட்டை, விளக்கெண்ணெய்
- பூசணி வகைப் பழ ஈயில் ஆணைக் கவர்ந்து இழுக்கும் கியூ லூர் வில்லையும், அதை வைக்கும் பொறியும்

தெளிப்பான் முனை மேல்நோக்கித் திரும்ப வேண்டும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. சாறு உறிஞ்சும் அசுவினி, வெள்ளை ஈ, புழு முட்டை எல்லாமே பெரும்பாலும் இலையின் அடிப்பக்கத்தில்தான் இருக்கும். மேலிருந்து கீழே மட்டும் அடிக்கிற தெளிப்பானை வைத்துக்கொண்டு பூசணியின் அகலமான இலைக்கு அடியில் மருந்து சேர்க்க முடியாது.

2. எந்தப் பட்டம், எந்த இடம்

ஆடிப்பட்டத்தில் விதைத்தால் காய்க்கும் காலம் மழையோடு சேரும். மண்ணில் ஈரமும் காற்றில் ஈரப்பதமும் இருக்கும்போது பழ ஈ பெருகும். தைப்பட்டத்தில் விதைத்தால் மாசி, பங்குனி வெயிலில் பழ ஈ குறையும். ஆனால் அசுவினியும் வெள்ளை ஈயும் கூடும். முதல் தடவை போடுகிறவருக்கு நான் தைப்பட்டத்தையே சொல்வேன். இலையில் வருவதைக் கண்ணால் பார்த்துச் சமாளிக்கலாம். காய்க்குள் இருப்பதைப் பார்க்க முடியாது.

போன பட்டத்தில் பூசணி வகை இருந்த குழியில் மறுபடியும் அதையே போடாதீர்கள். சிவப்பு வண்டும் பழ ஈயும் கூட்டுப்புழுவாக மாறுவது மண்ணுக்குள்தான். அதே இடத்தில் விதை போட்டால் வெளியே வரும் பூச்சிக்குத் தேடாமலேயே தீனி கிடைக்கும். வேறு இடம் இல்லை என்றால் மண்ணை ஒரு முழ ஆழம் கிளறி, இரண்டு வாரம் வெயிலில் காயப்போட்டு, பிறகு குழி எடுங்கள்.

குழிக்கு நன்றாக மக்கிய தொழுவுரமும், இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் போதும். யூரியா வேண்டாம். தழைச்சத்து மிஞ்சினால் கொழுந்து கொழகொழவென்று வளரும், அசுவினிக்கு அது விருந்து.

3. முதல் இருபது நாள்: சிவப்பு வண்டு

விதை முளைத்து வித்திலை இரண்டும் விரியும்போதே வருவது சிவப்புப் பூசணி வண்டு. அரை அங்குலத்துக்கும் குறைவான நீளம், முதுகு பளபளக்கும் செம்மஞ்சள், அடிவயிறு கறுப்பு. இலையில் வட்ட வட்டமாகத் துளை போடும். வளர்ந்த கொடியில் நாலு துளை விழுந்தால் ஒன்றும் ஆகாது. முளையில் இருப்பதே இரண்டு வித்திலை. அவை போனால் செடி போச்சு. அதனால் இந்த வண்டோடு போராட வேண்டிய காலம் முதல் இருபது நாள்தான். பாகலை இது பெரும்பாலும் தொடாது. பூசணி, சுரை, வெள்ளரி என்றால் விடாது.

குழிக்கு ஐந்து விதை போடுங்கள், கடைசியில் இரண்டை மட்டும் நிறுத்துங்கள். விதை போட்ட அன்றே குச்சிகளை வளைத்து ஊன்றிக் கொசுவலையை மூடுங்கள். வலையின் ஓரத்தை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் புதைக்க வேண்டும். கல் வைத்து அழுத்தினால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் வண்டு நுழைந்துவிடும்.

இதில் புதியவர்கள் செய்கிற பெரிய தவறு, போன பட்டம் பூசணி இருந்த மண்ணின் மேலேயே வலையை மூடுவது. மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப்புழு வண்டாகி வலைக்குள்ளேயே வெளியே வரும். வெளியே போக வழியில்லாமல் உள்ளே இருக்கிற முளையைத்தான் தின்னும். பழைய மண்ணாக இருந்தால் வலை போடாதீர்கள். அதற்குப் பதிலாகக் காகிதக் கோப்பையில் நாற்று விட்டு, வலைக்குள் வைத்து வளர்த்து, மூன்று நிஜ இலை வந்ததும் குழிக்கு மாற்றுங்கள். பூசணி வேருக்கு அடிபட்டால் தாங்காது, அதனால் கோப்பையின் அடியைக் கிழித்து மண்ணோடு அப்படியே இறக்குங்கள்.

வலை இல்லாதவர்கள் காலை ஏழு மணிக்குள் குழிக்குப் போக வேண்டும். அந்தக் குளிர்ச்சியில் வண்டு மந்தமாக இருக்கும். சோப்பு நீர் ஊற்றிய அகலமான கிண்ணத்தை இலைக்கு அடியில் பிடித்து இலையைத் தட்டினால் கிண்ணத்துக்குள் விழும். வெயில் ஏறிய பிறகு போனால் கை நெருங்கும் முன்பே பறந்துவிடும். பத்து நாள் விடாமல் இதைச் செய்தவர்களின் முளைகள் பிழைத்ததைப் பார்த்திருக்கிறேன். இரண்டு நாள் செய்து மூன்றாம் நாள் விட்டவர்கள் மறு விதை போட்டார்கள்.

விறகுச் சாம்பலைப் பனி ஈரம் இருக்கும்போது இலைமேல் லேசாகத் தூவலாம். வண்டு தயங்கும், அவ்வளவுதான். தண்ணீர் ஊற்றினாலோ மழை வந்தாலோ மறுபடி தூவ வேண்டும். வேர்ப்பகுதியில் சாம்பலைக் கொட்டிக் குவிக்காதீர்கள், மண்ணின் காரத்தன்மை ஏறும்.

இந்த வண்டு முட்டை இடுவது செடியடி ஈர மண்ணில். அதன் புழு வேரையும் தண்டின் அடிப்பகுதியையும் குடையும். மண்ணில் ஈரம் இருந்தும் கொடி மாலையில்கூடத் தலை நிமிரவில்லை என்றால் தண்டடியை விரலால் கிளறிப் பாருங்கள். ஆனால் உச்சி வெயிலில் பூசணி இலை குடை மடக்கியதுபோல் தொங்குவது இயல்பு. மாலையில் நிமிர்ந்துவிட்டால் அது பூச்சி இல்லை. அதைப் பார்த்துப் பயந்து மதியம் தண்ணீரும் மருந்தும் ஊற்றியே சில கொடிகள் அழுகிப்போயிருக்கின்றன.

முதல் பெண் பூ தெரிந்ததும் வலையை எடுத்துவிடுங்கள். தேனீ உள்ளே வர வேண்டும்.

4. வாரம் இரண்டு முறை இலையைத் திருப்புவது

கொடி ஓடத் தொடங்கியதும் செய்யும் வேலை மருந்தடிப்பது அல்ல, பார்ப்பது. வாரத்தில் இரண்டு காலை, ஒரு கொடிக்கு ஐந்து இலை: கொழுந்துக்குப் பக்கத்தில் இரண்டு, நடுவில் இரண்டு, அடியில் ஒன்று. இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் ஆகும். அசுவினி பத்து இருக்கும்போது கண்டுபிடித்தால் விரலால் தேய்த்தே முடித்துவிடலாம். இலை சுருண்ட பிறகு கண்டுபிடித்தால் இரண்டு வார வேலை.

பார்க்கும்போது பூச்சி இல்லாததைப் பூச்சி என்று நினைத்துவிடாதீர்கள். பூசணியின் பல ரகங்களில் நரம்பை ஒட்டி வெள்ளி நிறத் திட்டு பிறவியிலேயே இருக்கும், அது ரக குணம். இலைமேல் திருநீறு பூசியதுபோல் வெண்பொடி படர்ந்து, விரலால் தேய்த்தால் ஒட்டிவந்தால் அது சாம்பல் நோய், பூஞ்சை. மாவுப்பூச்சி இல்லை. இந்த நோய்க்குக் கந்தகத் தூள் வாங்கித் தூவுவார்கள். பூசணிக் குடும்ப இலைக்குக் கந்தகத் தூள் ஆகாது, கருகிவிடும்.

5. சாறு உறிஞ்சுபவை

கொழுந்து இலை கீழ்நோக்கிச் சுருண்டு, அடியில் பச்சையும் கறுப்புமாகப் புள்ளிபோல் கூட்டம் இருந்தால் அசுவினி. தண்டில் எறும்பு வரிசை போகிறதா என்று பாருங்கள். அசுவினி கழிக்கும் தேன்போன்ற பசைக்காக எறும்பு வரும், வந்தால் அசுவினியைத் தின்ன வரும் பூச்சிகளை விரட்டும். எறும்பைத் தடுக்காமல் அசுவினியை மட்டும் கழுவினால் வேலை பாதிதான் முடிந்திருக்கும். பந்தல் காலில் ஒரு துணியைச் சுற்றி அதில் விளக்கெண்ணெய் தடவி வையுங்கள்.

முதலில் வெறும் தண்ணீர். குழாய் முனையை விரலால் அழுத்தி, இலையின் அடிப்பக்கத்தில் வேகமாகப் பீய்ச்சுங்கள். காலையில் செய்தால் இலை மாலைக்குள் காய்ந்துவிடும். உதிர்ந்த அசுவினியில் பெரும்பகுதி திரும்பி ஏறாது. மூன்று நாள் விட்டு மறுபடி. அதிலும் குறையவில்லை என்றால் மட்டும் ஏழாவது பகுதியில் சொல்லும் வேப்பெண்ணெய்க் கரைசல்.

அடிப்பதற்கு முன் அந்த இலையில் பொறிவண்டு இருக்கிறதா என்று பாருங்கள். அதன் புழு சின்ன முதலைபோல் கருஞ்சாம்பல் நிறத்தில், ஆரஞ்சுத் திட்டுகளோடு இருக்கும். அழகாக இருக்காது, அதனால் கெட்ட புழு என்று நசுக்கிவிடுகிறார்கள். அசுவினியைத் தின்று தீர்ப்பது அதுதான். நாலைந்து தெரிந்தால் மருந்தை ஐந்து நாள் தள்ளிப்போடுங்கள்.

இலையைத் தட்டியதும் வெள்ளைத் தூசுபோல் எழுந்து பறந்தால் வெள்ளை ஈ. மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவிக் கொடியின் உயரத்தில் கட்டுங்கள், ஒட்டிக்கொள்ளும். பூ வந்து தேனீ நடமாட்டம் தொடங்கியதும் அட்டையை அவிழ்த்துவிடுங்கள், அதற்கு நல்ல பூச்சி எது என்று தெரியாது.

வெள்ளை ஈயும் அசுவினியும் உறிஞ்சும் சாற்றைவிட அவை கொண்டுவரும் நச்சுயிரிதான் பெரிய கேடு. இலை நரம்பு மஞ்சள் வலைபோல் தெரிந்து, அல்லது இலை சிறுத்து மேடும் பள்ளமுமாகிவிட்டால் அந்தக் கொடியை வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். எந்தக் கரைசலும் அதைத் திருப்பிக் கொண்டுவராது. ஆசையாய் வளர்த்த கொடியைப் பிடுங்குவது கஷ்டம், தெரியும். ஆனால் விட்டுவைத்தால் பக்கத்துக் கொடிக்கும் அதிலிருந்துதான் போகும்.

இலையில் வெள்ளைக் கோடு பாம்புபோல் நெளிந்து போனால் அது இலைத் துளைப்பான். புழு இலைத்தோல் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அடி இலைகளில் மட்டும் என்றால் அவற்றைக் கிள்ளிப் போட்டுவிட்டு மறந்துவிடலாம்.

6. இலை தின்னும் புழுவும் புள்ளி வண்டும்

இலை சுருண்டோ இரண்டு இலை நூலால் ஒட்டியோ இருந்தால் பிரித்துப் பாருங்கள். பச்சைப் புழு, முதுகில் இரண்டு வெள்ளைக் கோடு. இது இலையோடு நிற்காது, பிஞ்சின் தோலைச் சுரண்டி உள்ளேயும் போகும். புடலையில் இன்னொரு பச்சைப் புழு வரும். முதுகை வளைத்து வளைத்து நடக்கும், இலை விளிம்பை வெட்டி மடித்து உள்ளே உட்கார்ந்து தின்னும். இரண்டுக்கும் வீட்டுத் தோட்டத்தில் சிறந்த மருந்து இரண்டு விரல்தான். மடிந்த இலையைத் திறக்காமலேயே அப்படியே நசுக்கிவிடலாம். பத்துக் கொடிக்கு மேல் இருந்தால் மட்டும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற நுண்ணுயிர் மருந்தை, உறையில் உள்ள அளவில், மாலையில் தெளியுங்கள். புழு சின்னதாக இருக்கும்போதுதான் அது நன்றாக வேலை செய்யும், தின்றால்தான் சாகும்.

பாகலில் இலை சல்லடைபோல், பச்சை சுரண்டப்பட்டு நரம்பு மட்டும் மிஞ்சியிருந்தால் எபிலாக்னா என்ற புள்ளி வண்டு. இதையும் பொறிவண்டையும் குழப்பிக்கொள்வது சகஜம், இரண்டும் ஒரே குடும்பம். பொறிவண்டின் முதுகு எண்ணெய் தடவியதுபோல் மின்னும். புள்ளி வண்டின் முதுகு மெல்லிய ரோமத்தால் மங்கலாக இருக்கும், புள்ளிகளும் அதிகம். புழுவில் குழப்பமே வராது: புள்ளி வண்டின் புழு மஞ்சளாக, உடம்பெல்லாம் கிளைத்த முள்ளோடு இருக்கும். முட்டை, புழு, வண்டு மூன்றும் ஒரே இலையில் கிடைக்கும். அந்த இலையைக் கிள்ளி சோப்பு நீரில் போடுங்கள்.

7. வேப்பெண்ணெய்க் கரைசல்: கலக்கும் வரிசை

வேப்பெண்ணெய் வேலை செய்யவில்லை என்று சொல்லும் பலர் அதைத் தண்ணீரில் நேராக ஊற்றிக் கலக்கியவர்கள். எண்ணெய் மேலே மிதக்கும், தெளிப்பான் குழாய் அடியிலிருந்து தண்ணீரை மட்டும் எடுக்கும். கடைசியில் மிஞ்சும் எண்ணெய் ஒரே இலையில் விழுந்து அதைக் கருக்கும்.

வரிசை இப்படி: காதி சோப்பை இரண்டு மூன்று கிராம் அளவுக்குச் சீவி, அரை டம்ளர் வெதுவெதுப்பான நீரில் கரையுங்கள். அதில் 5 மி.லி. வேப்பெண்ணெய், அதாவது ஒரு தேக்கரண்டி. மூடி போட்டுப் பால்போல் வெளுக்கும் வரை குலுக்குங்கள். அதன் பிறகுதான் மீதித் தண்ணீரை ஊற்றி ஒரு லிட்டர் ஆக்க வேண்டும். துணி துவைக்கும் பவுடர் போடாதீர்கள், இலை பொசுங்கும். கலந்ததை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள்.

முதலில் இரண்டு இலைக்கு மட்டும் அடித்து ஒரு நாள் பாருங்கள். பூசணிக் குடும்ப இலை மென்மையானது, ரகத்துக்கு ரகம் தாங்கும் அளவு மாறும். கருகவில்லை என்றால் மறுநாள் மாலை ஐந்துக்கு மேல் முழுக் கொடிக்கும், இலையின் அடிப்பக்கத்திலிருந்து தொடங்கி அடியுங்கள். வெயிலில் வேம்பின் வீரியம் குறையும், எண்ணெய் பட்ட இலையும் சுடும். மாலை என்பதற்கு இன்னொரு காரணம், பூசணிப் பூ விடியலில் விரிந்து காலையிலேயே மூடிவிடும், மாலையில் அதில் தேனீ இருக்காது. ஆனால் சுரை, பீர்க்கு, புடலை மாலையில்தான் பூக்கும். அவற்றுக்கு அடிக்கும்போது பூ மேல் படாமல், இலைக்கு அடியில் மட்டும் முனையைக் காட்டுங்கள்.

ஏழு நாள் இடைவெளியில் இரண்டு அல்லது மூன்று முறை. தினமும் அடிப்பதால் வேகமாகக் குணமாகாது.

வேப்பங்கொட்டை கிடைக்கிற ஊர்களில் 50 கிராம் பருப்பை இடித்து, துணியில் முடிந்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் பிழிந்து வடிகட்டி, அன்று மாலையே சோப் கரைசல் கலந்து தெளிக்கலாம். எனக்கு எண்ணெயைவிட இது பிடிக்கும், இலை கருகுவது குறைவு.

8. பிஞ்சு விழுந்தால் முதலில் வெட்டிப் பாருங்கள்

கொடியில் முதல் பத்து நாள் வருவது பெரும்பாலும் ஆண் பூ. காம்பு நீளமாக இருக்கும், பூவுக்கு அடியில் பிஞ்சு இருக்காது. ஒரு நாள் பூத்து மறுநாள் உதிரும். அது இயல்பு, மருந்து வேண்டாம்.

பெண் பூவுக்கு அடியில் குட்டிக் காய் இருக்கும். அது மஞ்சளாகி விழுந்தால் குறுக்கே வெட்டுங்கள். உள்ளே சுத்தமாக, நுனியிலிருந்து சுருங்கி இருந்தால் மகரந்தம் சேரவில்லை. உள்ளே அழுகி, வெள்ளைப் புழு நெளிந்தால் பழ ஈ. இந்த ஒரு வெட்டுதான் அடுத்து என்ன செய்வது என்று தீர்மானிக்கும். இதைச் செய்யாமல் மருந்து வாங்கினால், மகரந்தக் குறைக்கு மருந்து அடித்து, வரும் ஒன்றிரண்டு தேனீயையும் விரட்டிவிடுவோம்.

மகரந்தம் சேராததுதான் காரணம் என்றால் கையால் சேர்க்கலாம். பூசணிக்குக் காலை ஆறிலிருந்து எட்டுக்குள். அன்று விரிந்த ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, நடுவில் இருக்கும் மகரந்தத் தண்டைப் பெண் பூவின் நடுவில் இருக்கும் சூலகமுடியில் சுற்றிலும் தடவுங்கள். பாகலுக்கும் காலைதான். சுரை, பீர்க்கு, புடலைக்கு மாலை ஆறு, ஏழு மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு போங்கள். காலையில் போய், பூ வாடிக் கிடக்கிறதே என்று திரும்பிவந்தவர்கள் நிறையப் பேர்.

9. பழ ஈ: உறை போடுவது

குளவிபோல் பழுப்பு உடம்பு, கண்ணாடிச் சிறகில் பழுப்புத் திட்டு, வீட்டு ஈ அளவு. பெண் ஈ வால் ஊசியால் மெல்லிய பிஞ்சுத் தோலைக் குத்தி உள்ளே முட்டை வைக்கும். குத்திய இடத்தில் கோந்துபோல் ஒரு துளி கசியும், பிறகு அந்த இடம் வளராமல் காய் அந்தப் பக்கம் கோணும். ஓரிரு நாளில் முட்டை பொரிந்துவிடும். புழு சதையைத் தின்று வளர்ந்து, வெளியே வந்து மண்ணில் விழுந்து, சில அங்குல ஆழத்தில் கூட்டுப்புழுவாகும். இரண்டு மூன்று வாரத்தில் அடுத்த தலைமுறை ஈ தயார். முட்டை உள்ளே போன பிறகு தெளிக்கிற எதுவும் அதைத் தொடாது. அதனால் ஈயும் தோலும் சந்திக்காமல் செய்வதுதான் வழி.

பூ வாடத் தொடங்கிய இரண்டாம் மூன்றாம் நாள், பிஞ்சு கொஞ்சம் பருத்து, மகரந்தம் சேர்ந்துவிட்டது என்று தெரிந்ததும் உறை போடுங்கள். அதற்கு முன் போட்டால் சேராத பிஞ்சுக்கும் பை வீணாகும். ஒரு வாரம் கழித்துப் போட்டால் முட்டையோடு சேர்த்துக் கட்டியதாகிவிடும்! கட்டும் முன் பிஞ்சைச் சுற்றிப் பார்த்து, கோந்துத் துளி இருந்தால் அந்தப் பிஞ்சைக் கிள்ளிவிடுங்கள். அதைக் காப்பாற்ற முடியாது.

பை எதில் செய்வது? மெல்லிய பருத்தித் துணி நல்லது, பழைய வேட்டி போதும். பாகல், பீர்க்குக்குச் செய்தித்தாளைக் குழாயாகச் சுருட்டி மேலே காம்போடு நூலால் கட்டலாம், மழைக் காலத்தில் மட்டும் துணி. புடலைக்கு இரண்டு பக்கமும் திறந்த நீளப் பையைத் தைத்து, அடியை நூலால் இறுக்குங்கள். காய் நீள நீளப் பையைக் கீழே இறக்கலாம். பாலித்தீன் பை வேண்டாம். உள்ளே வியர்த்து, பிஞ்சு பூச்சி இல்லாமலேயே அழுகும்.

பை காயின் மேல் இறுக்கமாக ஒட்டக் கூடாது. துணி தோலோடு ஒட்டியிருந்தால் ஈ துணி வழியாகவே குத்தும். சுற்றிலும் இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும். வாய்ப் பகுதியில் மட்டும் காம்பைச் சுற்றி இறுக்கிக் கட்டுங்கள், தண்டை வெட்டாத அளவுக்கு.

பாகல், பீர்க்கு, புடலைக்குப் பறிக்கும் வரை உறை. பூசணிக்குத் தோல் நகம் இறங்காத அளவு கெட்டியானதும் எடுத்துவிடலாம். தரையில் படர்ந்த பூசணி என்றால் காய்க்கு அடியில் ஓட்டுத் துண்டோ காய்ந்த வைக்கோலோ வையுங்கள். மண்ணைத் தொடும் காயைச் சிவப்பு வண்டின் புழு குடையும்.

எல்லாக் காய்க்கும் பை போட முடியாது என்பார்கள். வீட்டுக்கு வேண்டியது எத்தனை காய்? ஒரு பூசணிக் கொடியில் மூன்று, நாலு காய்க்குப் பை போட்டால் போதும்.

10. பொறி: எந்த வில்லை, எப்போது

உறையோடு பொறியும் வேண்டும், உறைக்குப் பதிலாக அல்ல. கவர்ச்சிப் பொறியில் விழுவது ஆண் ஈ. முட்டை வைக்கும் பெண் ஈ அதில் வராது. ஆண் குறையக் குறைய அடுத்தடுத்த தலைமுறை குறையும், அதற்கு நாள் ஆகும். அதனால் முதல் பூ வருவதற்கு முன்பே கட்டுங்கள். காய் அழுகிய பிறகு கட்டி, "ஈ விழுகிறது, காயும் அழுகுகிறது" என்று குழம்ப வேண்டாம்.

கடையில் கேட்கும்போது கவனம் தேவை. மாம்பழ ஈக்கு மெத்தில் யூஜினால் வில்லை, பூசணி வகை ஈக்குக் கியூ லூர் வில்லை. பழ ஈப் பொறி என்று மட்டும் கேட்டால் மாம்பழ வில்லையைக் கொடுத்துவிடுவார்கள். அதைக் கட்டினால் தோட்டத்துக்கு வேண்டாத ஈ விழும், பாகலைக் குத்தும் ஈ பாட்டுக்குக் குத்திக்கொண்டிருக்கும். பந்தலுக்கு ஒன்று, நிழலில், இடுப்பு உயரத்தில் கட்டுங்கள். உறையில் எழுதியிருக்கும் நாளில் வில்லையை மாற்றுங்கள்.

பெண் ஈயையும் இழுப்பது கருவாட்டு வாசனை. முட்டை வளர அதற்குப் புரதம் வேண்டும். பிளாஸ்டிக் பாட்டிலின் மேல் பாதியில் நாலு சிறு துளை போட்டு, அடியில் சோப்பு நீர் ஊற்றி, நனைத்த கருவாட்டுத் தூளை ஒரு தேக்கரண்டி சின்னத் துணியில் முடிந்து உள்ளே தொங்கவிடுங்கள். வாரம் ஒரு முறை மாற்ற வேண்டும். பூனைக்கு எட்டாத உயரத்தில், ஜன்னலுக்குத் தள்ளிக் கட்டுங்கள். பழைய குறிப்புகளில் இந்தப் பொறிக்குள் டைக்ளோர்வாஸ் சொட்டு விடச் சொல்லியிருக்கும். அந்த மருந்து இந்தியாவில் 2020 கடைசியோடு தடையாகிவிட்டது. வீட்டில் பழைய பாட்டில் இருந்தாலும் தொடாதீர்கள், சோப்பு நீரிலேயே ஈ மூழ்கிச் செத்துவிடும்.

11. விழுந்த காயை என்ன செய்வது

அழுகிய பிஞ்சைப் பந்தலுக்கு அடியிலேயே விடுவதும், உரக்குழியில் போடுவதும் பழ ஈக்கு நாமே செய்யும் சேவை. புழு அதிலிருந்து இறங்கி மண்ணுக்குள் போய்விடும். தினமும் பொறுக்குங்கள், விழுவதற்கு முன் கோணி மஞ்சளாவதையும் பறித்துவிடுங்கள். தடித்த பாலித்தீன் பையில் போட்டுக் காற்றுப் புகாமல் இறுகக் கட்டி, மொட்டை மாடி வெயிலில் பத்து நாள் வையுங்கள். உள்ளே இருக்கும் புழு வெந்துவிடும். அதன் பிறகு உரக்குழிக்குப் போகலாம். புதைக்கிறவர்கள் இரண்டு அடி ஆழத்துக்குக் குறையாமல் புதைக்க வேண்டும். அரை அடியில் புதைத்தால் ஈ மண்ணைத் துளைத்து வெளியே வரும்.

இந்தப் பகுதியை அடுத்த வீட்டுக்காரரிடமும் சொல்லுங்கள். ஈக்குச் சுவர் தெரியாது. எங்கள் தெருவில் மூன்று வீட்டுப் பந்தலிலும் காய் பொறுக்கத் தொடங்கிய பிறகுதான் என் பாகலில் குத்து குறைந்தது.

12. கொடி முடிந்த பிறகு

கடைசிக் காய் பறித்ததும் காய்ந்த கொடியைப் பந்தலில் தொங்கவிடாதீர்கள். வெள்ளை ஈயும் இலை மடித்த புழுவின் கூடும் அதில்தான் இருக்கும். அறுத்து எடுத்து, சுருண்ட இலைகளை வெயிலில் காயவைத்து எரியுங்கள் அல்லது பையில் கட்டுங்கள். செடியடி மண்ணை மூன்று அங்குல ஆழம் கொத்திப் புரட்டுங்கள். கூட்டுப்புழு மேலே வரும். வெயிலும் மைனாவும் எறும்பும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். ஒரு வாரம் விட்டு இன்னொரு முறை கொத்துங்கள், முதல் கொத்தில் தப்பியது இதில் சிக்கும்.

தொட்டியில் வைத்தவர்கள் மண்ணைத் தரையில் மெல்லிசாகப் பரப்பி இரண்டு வாரம் காயவைத்து, அடுத்து அதில் கீரையோ வெண்டையோ போடுங்கள். துணிப் பைகளைக் கொதிநீரில் அலசிக் காயவைத்தால் மூன்று பட்டம் உழைக்கும்.

எந்தக் கொடியில் எத்தனை காய் அழுகியது, எந்த வாரத்தில் முதல் ஈ விழுந்தது என்று சமையலறை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அடுத்த பட்டத்தில் பொறியை அந்த வாரத்துக்குப் பத்து நாள் முன்னால் கட்டலாம்.